எங்கள் வீட்டு மிச்சம்

போன மாசம் கோயில் விருந்து முடிந்து, பந்தலுக்குப் பின்னால் கோழி எலும்பைக் கூடையோடு குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நகராமல் அங்கேயே நின்றுவிட்டேன். "இன்னா அக்கா, எலும்பப் பாத்துகினு நிக்கிற?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமா அது? இப்போது உட்கார்ந்து சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் என்னோடு ஊரிகம் லைனில் வளர்ந்தவர்கள். நான் எங்கேயாவது தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு, தம்பிக்கு ஐந்து. தங்கவயலுக்குக் கரன்ட் வராத காலம். மூங்கில் தட்டியில் சேறு பூசிய சுவரும், மேலே தகரமுமாக வரிசை வரிசையாக வீடுகள், அதுதான் லைன். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கல்லை இடிக்கிற மில்லின் சத்தம் இரவும் பகலும் தரையிலிருந்து காலுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அது என்றைக்காவது நின்றுபோனால் தொட்டில் பிள்ளைகள் திடுக்கிட்டு விழித்து அழும், ஞாபகம் இருக்கிறதா?

லைனில் மற்ற அப்பாக்கள் எல்லாம் ஷிப்டு முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து, தலை முதல் கால் வரை சுரங்கத்துச் சேறோடு வீட்டுக்கு வருவார்கள். எங்கள் நைனா மட்டும் வெண்ணெய் மணத்தோடு வருவார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்துக் கேப்டன் துரை பங்களாவில் அவர்தான் குக்கு, சமையல்காரர். சின்ன வயசிலேயே வேலூரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் குசினியில் சேர்ந்து கற்றுக்கொண்ட வேலை.

மற்ற பங்களாக்களில் வேலை செய்தவர்கள் மீந்த ரொட்டி, கறி, கேக்குத் துண்டு என்று துணியில் முடிந்துகொண்டு வருவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசலிலேயே காத்திருக்கும். நைனா வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் வறுத்த வாத்துக்கறி கொஞ்சம் கொண்டுவந்தாராம். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துப்போய் நாய்க்கு வைத்துவிட்டாளாம். அதோடு விட்டுவிட்டார். "குக்குப் பொண்டாட்டிக்கு இன்னா மேட்டிமை பாரு" என்று லைனில் பேசிக்கொள்வார்கள். நானும் அம்மாவுக்கு நைனாவின் வேலை மேல் இளப்பம் என்றே நினைத்திருந்தேன். நைனாவும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

அந்த வருஷம் மார்கழிப் பனி கடுமையாக இருந்தது. காலையில் தகரத்திலிருந்து பனி சொட்டும். அம்மாவுக்கு அஞ்சு மாசம். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பிள்ளை வயிற்றிலேயே நிற்காமல் போயிருந்தது. இந்தத் தடவை மூன்று மாசத்தில் நின்றுவிடும் வாந்தி நிற்கவே இல்லை. களியைப் பார்த்தால் குமட்டல், சோறு கொதிக்கிற வாடை வந்தால் குமட்டல். வாய்க்குள் புண். ஈறு வீங்கி, எதையும் மெல்ல முடியாது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, "பாலு, சாறுன்னு எதனா உள்ள போயே ஆகணும். இல்லாங்காட்டி ரெண்டு உசுருக்கும் உத்தரவாதம் இல்ல" என்று நைனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தட்டி வீட்டில் ஏது தனி? நானும் கேட்டேன். அம்மாவும் கேட்டிருப்பாள்.

நைனா கோழிச்சாறு வைத்துக் கொடுத்தார். கவிச்சை என்று வாந்தி எடுத்தாள். வெறும் பால் கொடுத்தார். அதுவும் நிற்கவில்லை.

பங்களாவில் கிறிஸ்மஸ் விருந்து நடந்த மறுநாள், நைனா என்னைக் குசினிப் பக்கம் வரச் சொல்லியிருந்தார். நான் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளை இனாமலில் நீலக் கரை போட்ட தூக்கு அது. மூடியில் ஒரு சில்லு பெயர்ந்து கறுப்பாக இருக்கும். அதற்கப்புறம் அதுபோல ஒன்று என் கண்ணில் படவே இல்லை.

குசினி மேசை மேல் பெரிய தாலத்தில் ஒரு வான்கோழி. சுட்டுப் பொன்னிறமான தோல் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. மறு பக்கம் வெட்டி எடுத்து எலும்பு தெரிந்தது. நைனா அதிலிருந்து கறியை விரலால் பிய்த்துத் தனியே வைத்தார். எலும்புக்கூட்டை உடைத்து, வெங்காயம், கேரட்டு, பத்து மிளகோடு தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினார். அது மெதுவாகக் கொதிக்க வேண்டும், துள்ளக் கூடாது. சாறு இறங்கி வற்றியதும் இன்னொரு சட்டியில் வெண்ணெயை உருக்கி, ஒரு பிடி மாவைத் தூவி, கரண்டி நிற்காமல் கிளறினார். பிஸ்கட் வாசனை வந்தது. சிவக்கிறதற்கு முன்னால் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி தட்டாமல் கரைத்து, வடிகட்டின சாற்றை அதில் விட்டார். கடைசியில் பிய்த்த கறியும், மேலே ஒரு கரண்டி பாலேடும். கஞ்சி மாதிரி கெட்டி, வெள்ளை வெளேரென்று. கவிச்சை வாடையே இல்லை. சுட்ட கறியின் மணம் மட்டும் அடியில் லேசாக இருந்தது.

"புதுக்கோழின்னு சொல்லு. மேசையில மீந்ததுன்னு அம்மாகிட்ட மூச்சு உடாத" என்றார் நைனா.

அம்மா முதல் வாய் குடித்துவிட்டு, வாந்திக்காகக் காத்திருந்தாள். நானும் தம்பியும் அவள் தொண்டையையே பார்த்தோம். வரவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். அரைத் தூக்கு உள்ளே போயிற்று. "இன்னாடி இது, இவ்ளோ நல்லா கீது" என்றாள். மறுநாளும் கொண்டுவந்தேன், அதற்கு மறுநாளும். வாத்து மீந்தது, கோழி மீந்தது. பங்களாவில் விருந்துக்கு மேல் விருந்து. நாலாம் நாள் அம்மா தானே எழுந்து வெந்நீர் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அந்த ஈரத்தலையோடு வெயிலில் உட்கார்ந்து என் தலையில் பேன் பார்த்தாள். அந்த ஒரு காலை நேரத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கெடுத்தது நான்தான்.

தண்ணி பிடிக்கிற இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, நல்லவள்தான், வாய் மட்டும் நிற்காது, "தெனம் ஒரு கோயி அடிக்கிறானாமே குக்கு? பொண்டாட்டிக்குன்னு இப்பிடி அழிச்சா, நாளைக்கிப் பொறக்கிற புள்ளைக்கி இன்னாத்த வெச்சிப் பாப்பான்? ஊதாரிப் பையன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நைனாவை ஊதாரி என்றால் விட்டுவிடுவேனா? குடத்தை இடுப்பில் வைத்தபடியே உரக்கச் சொன்னேன்: "எங்க நைனா ஒண்ணும் கோயி அடிக்கல. தொர மேசையில துன்னுட்டு மீந்த கோயிதான். அந்த எலும்புலதான் செஞ்சாரு."

தண்ணி பிடிக்கிற இடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் பத்து எட்டு தூரம்தான்.

குடத்தை இறக்க வீட்டுக்குள் போனபோது அம்மாவைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் குனிந்து, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குடித்தது வந்துவிட்டது. அதற்கப்புறமும் விடாமல் எடுத்தாள், நாலு நாளாகக் குடித்ததையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடுகிற மாதிரி. நான் "அம்மா, அம்மா" என்று முதுகைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

சாயங்காலம் நைனா வந்ததும், படுத்தபடியே கேட்டாள்: "எச்சிலயா எனக்கு ஊத்துனீங்க?"

நைனா என்னைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் குந்தினார். "எச்சில் இல்ல. தட்டுல கடிச்சிப் போட்டது வேற, தாலத்துல மீந்தது வேற. தாலத்துல யாரும் வாய் வெக்கல. நான்தான் என் கையால சுட்டேன்."

"அவங்க துன்னு எழுந்த மேசையில இருந்துதானே வந்திச்சி?"

"ஆமா."

"அப்ப எச்சில்தான். எனக்குன்னா கூடப் போவுது. வயித்துல கீற புள்ளைக்கிமா?"

நைனாவுக்கு முகம் மாறிவிட்டது. "அந்த மேசையில நின்னுதான் உங்களுக்குச் சோறு கொண்டாறேன். அவ்ளோ கேவலமா தெரியுதா உனக்கு?" என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் தண்ணீரும் உப்புமாகவே கிடந்தாள். நைனா சோறு வடித்து எங்களுக்குப் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அழாத கண்ணு. பொய்ய உன் தலையில ஏத்தி வெச்சது நானு. நீ கீய போட்டுட்டன்னு உன்ன அடிச்சா ஞாயமா?" என்றார்.

அன்றைக்கே தங்கவயலின் மறு கோடியில், பாலகாட்டுச் சுரங்க லைனுக்குப் போய் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் அக்கா. பெரியப்பா அங்கே சுரங்கத்தில் கல் சரியாமல் மரத்தூண் நிறுத்தி முட்டுக்கொடுக்கிற வேலை செய்தார். பெரியம்மா அம்மாவைப் போய்ப் பார்த்தாள், தொட்டாள், வெளியே வந்தாள். நைனா நடந்ததைச் சொல்லி, "என் வேலைய எளக்காரமா நெனைக்கிறா" என்றார்.

பெரியம்மா அவரை வினோதமாகப் பார்த்தாள். "இன்னா தம்பி, பத்து வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துற. உன்னாண்ட அவ சொல்லவே இல்லியா?"

"எத?"

வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பெரியம்மா சொன்னாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. தாது வருஷத்துப் பஞ்சத்தில் அவர்கள் வட ஆற்காட்டிலிருந்து நடந்து கிளம்பினார்கள். வழியிலேயே அப்பன் போய்விட்டான். ஆத்தா கஞ்சித்தொட்டிக் கூட்டத்தில் நசுங்கிப் படுத்துவிட்டாள். பெரியம்மா ஆத்தாளோடு இருந்தாள். அப்போது பத்து வயசான எங்கள் அம்மா, தன் மூன்று வயசுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு தேடிப் போனாள். ஒரு பெரிய வீட்டில் ஏதோ விசேஷம். கொல்லைப் பக்கம் எச்சில் இலை வந்து விழுந்தது. நாய்களோடு அடித்துக்கொண்டு இரண்டு இலையைப் பிடுங்கினாள். அதிலிருந்த சோற்றை வழித்து, தான் ஒரு பருக்கை தின்னாமல், தம்பிக்கு ஊட்டினாள். வயிறு நிறைய ஊட்டினாள். பிள்ளை சிரித்ததாம். பொழுது சாய்வதற்குள் வயிறு உப்பி, வாந்தியும் பேதியுமாகச் செத்துப்போனது.

"எச்சிலக் குடுத்துக் கொன்னுட்டேன்னு அன்னிக்கி ஆரம்பிச்சது தம்பி. இவ மூத்தது பொறந்தப்பவே எங்கிட்ட சொன்னா, எம் புள்ளைங்க வாயில இன்னொருத்தர் மீத்தது படாதுன்னு. அதான். உன்னையாவது, உன் வேலையையாவது, அவ இன்னாத்துக்கு எளக்காரமா நெனைக்கப் போறா?"

நைனா தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு சமயம், ஒரு வயசான நர்சம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தாலே உயிர் தாங்காது. அது ராஜா வீட்டுப் புதுச் சோறாக இருந்தாலும் அப்படித்தான்" என்றார் அவர். அதைக் கேட்டுவிட்டு அன்று பூராவும் அழுதேன். அம்மா போய் இரண்டு வருஷமாகியிருந்தது.

சரி, நைனா என்ன செய்தார் என்று சொல்லவேண்டும்.

பெரியம்மா வந்த மறுநாள் கேப்டன் துரை குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனார். நைனாவுக்கு இரண்டு நாள் லீவு. சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய், உயிரோடு ஒரு சேவலைக் கொண்டுவந்தார். நல்ல கனம், செம்பட்டை நிறம், கண்ணில் கோபம். அதை நேராக அம்மா படுத்திருந்த இடத்துக்குக் கொண்டுபோய், "பாரு" என்றார். அம்மா சேவலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது யாரு மேசையிலயும் ஏறல. இன்னிக்கி நம்ம ஊட்டுல சுடப்போறேன். நாம துன்னுவோம். அந்தச் சூப்புக்குச் சுட்டு ஒரு ராத்திரி ஆறின கோயி வேணும். நம்மளுக்கு மீந்தா, நாளைக்கி உனக்குச் சூப்பு."

அம்மா இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

லைன் வீட்டில் சுடுகிற அடுப்புக்கு எங்கே போவது? காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டு வாடை போக்கினார். அதைப் படுக்கவைத்து, கீழே தணல், மேலே தணல். உள்ளே வெண்ணெய் தடவின சேவல். எருமைப்பால் கொண்டுவருகிற தெலுங்குக்காரி வெண்ணெய் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தாள். பக்கத்து வீட்டு அத்தையும் வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவளே ஒரு முறம் கொண்டுவந்து தணலுக்கு விசிறினாள்.

அந்த மணம்! அதுவரைக்கும் அது பங்களாக் குசினிக்குள்ளே மட்டும் இருந்த மணம். அன்றைக்கு எங்கள் லைன் முழுக்க நடந்தது. கோலி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். உங்களில் சிலரும் நின்றீர்கள். ஆளுக்கு ஒரு துண்டு தோல் கொடுத்தார் நைனா, மறந்துவிட்டீர்களா?

பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். நைனா, பெரியம்மா, நான், தம்பி. நைனா சேவலை நடுவில் வைத்து, "வேணுங்கிற மட்டும் துன்னுங்க. மீந்தா அம்மாவுக்கு" என்றார். சாப்பிடாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நம் வீடுகளில் கறி மீந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? பெரியம்மா ஒரு துண்டோடு கையைக் கழுவினாள். நான் இரண்டு துண்டு தின்றேன். மூன்றாவதுக்குக் கை போய்விட்டுத் திரும்பியது. எனக்குள் இருந்த குற்றம் என்னைத் தடுத்தது.

தம்பிக்குக் குற்றம் எதுவும் கிடையாது, பசி மட்டும்தான். ஒரு முழுக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு கடி, இன்னொரு கடி. அப்புறம் தலையைத் தூக்கிப் படுத்திருந்த அம்மாவைப் பார்த்தான். காலைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, மீதிக் காலைச் சட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து வெளியே ஓடிவிட்டான். வெளியே போய் அழுதான் என்று அத்தை பின்னால் சொன்னாள்.

மறுநாள் காலை நைனா அடுப்பைப் பற்றவைத்தார். கடையில் வாங்கின கோதுமை மாவை அம்மாவின் பழைய வெள்ளைத் துணியில் சலித்தார். உறியிலிருந்து சட்டியை இறக்கிக் கறியைப் பிய்க்கத் தொடங்கினார். கடித்த கால் கைக்கு வந்தது. சின்னப் பல்லின் தடம் இரண்டு இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. பங்களாவில் என்றால் அந்த மாதிரி ஒன்று சட்டிப் பக்கம் வராது. அவர் அதைத் தனியே எடுத்து வைத்தார்.

"அத இன்னாத்துக்கு எடுத்து வெக்கிறீங்க?" அம்மாவின் குரல். இத்தனை நாளில் அவள் நைனாவிடம் பேசின முதல் பேச்சு அது.

நைனா திரும்பினார். "புள்ள கடிச்சிட்டான்."

"தெரியும். பாத்துகினுதான் இருந்தேன். போடுங்க."

"இல்ல... எச்சில்..."

"எம் புள்ள எனக்கு மீத்து வெச்சது. மொதல்ல அதப் போடுங்க."

நைனா அந்தக் காலைக் கையில் எடுத்தார். கறியைப் பிய்த்துப் போட்டு, எலும்பையும் சாறு வைக்கிற சட்டிக்குள் போட்டார். பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள். தங்கை சித்திரையில் பிறந்தாள், நீங்கள் எல்லாரும் தூக்கிக் கொஞ்சினவள்தான். அது வரைக்கும் வாரம் ஒரு கோழி எங்கள் வீட்டிலேயே சுட்டார் நைனா. தினம் குடிக்க வழியில்லை. இருந்தாலும் அந்த முதல் நாளுக்கப்புறம் பாலும் வயிற்றில் தங்கியது, கஞ்சியும் தங்கியது. பங்களா மிச்சம் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்ததே இல்லை. நைனாவும் அதற்கப்புறம் அம்மாவிடம் எதையும் மறைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் காலையைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அம்மா எழுந்து கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். நைனா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பாலேடு விட்டு, மிளகைத் தட்டித் தூவி, அவள் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய், அவளுக்கு வலது பக்கம், கையில் துணியைப் போட்டுக்கொண்டு, அசையாமல் நின்றார்.

அம்மா இரண்டு வாய் குடித்தாள். அவரைத் தேடினாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அங்க இன்னாத்துக்குப் பின்னாடி போயி நிக்கிறீங்க?"

நைனா கூச்சத்தோடு சிரித்தார். "பயக்கம்."

"இது தொர ஊடா? எதிர்ல வந்து குந்துங்க."

வந்து குந்தினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அம்மா குடிப்பதையே பார்த்தார். எத்தனையோ வருஷம் அந்தச் சூப்பைச் செய்தவர், குடிக்கிறவர்களின் முதுகை மட்டுமே பார்த்திருந்தார்.

பாதிக் கிண்ணத்தில் அம்மா நிறுத்தினாள். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"உப்பு கம்மி" என்றாள்.

நைனா சட்டென்று எழப்போனார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க குந்துங்க. எம் பொண்ணு எடுத்தாரும்."

நான் உப்புச் சட்டிக்கு ஓடினேன்.